பெரிய எழுத்துக்கு அனுமதி

அந்தக் கல்லூரி நூலகரை எல்லோரும் ரூல் மேடம் என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான். ஓர் ஆளுக்கு ஓர் அத்தியாயம்தான் நகல் எடுக்கலாம் என்று சட்டம் சொன்னால், முதல்வரே வந்து தலைகீழாக நின்றாலும் இரண்டாவது கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒருத்திக்கு மட்டும் நான்கு அத்தியாயங்களைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார். அவள் பகலில் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, மாலையில் பிசியோதெரபி உதவியாளர் படிப்புக்கு வருபவள். பார்வை ரொம்பக் குறைவு. பாடப்புத்தகத்திலோ பக்கத்துக்குப் பக்கம் தசைப் படங்கள், சுற்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி பெயர்கள். யாராவது வாசித்துக் காட்டினாலும் பிரயோசனமில்லை, படம் தெரிய வேண்டும். இரண்டு முறை தேர்வில் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது முறையும் போனால் படிப்பே போய்விடும்.

கண்ணே தெரியாதவர்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. இவளுக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் கொஞ்சம்தான் அவளுக்கு எமனாக வந்து வாய்த்தது. சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம். மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும்.

"மிச்சம் எட்டு அத்தியாயத்தையும் சத்தமில்லாம எடுத்துக் குடுத்துருவோம் மேடம். கேட்டாதான் வம்பு" என்றார் நூலகத்து ஜெராக்ஸ்காரர்.

"திருட்டுத்தனம் எதுக்கு? கேட்டா குடுக்கப்போறாங்க. அவங்களும் மனுசங்கதானே" என்று மேடம் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். எழுதியவர் அனுமதி கேட்டதோடு விட்டாரா? ஏற்கெனவே நான்கு அத்தியாயங்கள் எடுத்ததையும் தேதி போட்டு ஒப்பித்துவிட்டார். இப்படியும் ஒரு மனுஷி!

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அனுமதி இல்லை. எடுத்த நகல்களை ஏழு நாளுக்குள் திரும்ப வாங்கி அழித்துவிட்டு, எழுத்து மூலம் உறுதி தர வேண்டும். தவறினால் கல்லூரி மேல் வழக்கு.

"நல்லது பண்றேன்னு வாயக் குடுத்து மாட்டிக்கிட்டீங்களே மேடம். வாங்கிக் கிழிச்சிடுங்க" என்றார் முதல்வர். அவர் மேல் கோபப்படவும் மேடத்துக்கு வழியில்லை.

மாலையில் அவள் வந்தாள். "பதில் வந்துச்சா மேடம்?"

மேடம் கடிதத்தை நீட்டினார். அவள் அதை மூக்கோடு ஒட்டிப் பார்த்தாள். "எழுத்து பொடிசா இருக்கு. பெருசாக்கித் தர்றீங்களா?"

ஜெராக்ஸ்காரர் யாரையும் பார்க்காமல் அதை வாங்கி, பெரிய தாளில் எடுத்துக் கொடுத்தார். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் மேசையில் குனிந்து ஒவ்வொரு வரியாக நகர்ந்தாள். மேடத்துக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

"இன்னிக்கே குடுத்துடணுமா மேடம்?"

"ஏழு நாள் டைம் இருக்கும்மா."

"பரீட்சைக்கு ஒம்போது நாள் இருக்கே."

மேடம் கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்தார்.

"சரி. ஏழாம் நாள் சாயங்காலம் கொண்டாந்து தர்றேன். அதுவரைக்கும் படிச்சிக்கிறேன்" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட மேடம் தாங்கியிருப்பார்.

வெச்சுக்கோம்மா என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் மேடம் வாயைத் திறந்தார். வரவில்லை. மேசை நாட்காட்டியை இழுத்து, தேதியைக் குறித்துக்கொண்டார்.