வளைவில் காய்ந்த மக்காச்சோளம்

காளியண்ணன் மக்காச்சோளம் வாங்கிக் கோழித் தீவன மில்லுகளுக்கு அனுப்புகிறவர். எப்பேர்ப்பட்ட சோளம் வந்தாலும் ரெண்டு மணியை வாயில் போட்டுக் கடித்து, "ஈரமா இருக்குதுங்க" என்பார். விலை தானாக இறங்கிவிடும். பல்லால் அவ்வளவு சம்பாதித்த மனிதர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் கிடையாது.

அன்று அவர் கழுத்தில் விசில், கையில் சிவப்புக் கொடி. புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் சாலையில் பெண்களுக்கான ஒருநாள் சைக்கிள் பந்தயம். அவர் மகள் அபிநயா ஒரு கம்பெனி டீமுக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறாள். மிதிப்பதற்கும் ஒருத்தன் சம்பளம் தருவான் என்பதை நம்பவே அவருக்கு வெகுநாள் பிடித்தது. போன வருஷம் ஒரு வளைவில் விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டவள், இப்போதுதான் மறுபடி பந்தயத்தில் இறங்குகிறாள். அதனாலேயே இந்தச் சாலையின் மோசமான வளைவைக் காவல் காக்கத் தாமாகவே பேர் கொடுத்திருந்தார். முந்தின நாள் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்னவரும் அவர்தான்: "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ரோட்டுல ஒரு வண்டி வராதுங்க."

டீயைக் குடித்துவிட்டு வளைவுக்குத் திரும்பி வந்தார். சாலையை அடைத்து மஞ்சள் மஞ்சேர் என்று மக்காச்சோளம். நடுவில் நின்று பக்கத்துத் தோட்டத்துச் சின்னாயி காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்கக்கா இது?"

"நீதான சாமி நேத்து ஈரம்னு மூட்டையத் திருப்பி அனுப்புன? நீதான வண்டி வராதுன்னும் சொன்ன? ரெண்டையும் சேத்துச் செஞ்சுட்டேன்."

"சைக்கிள் வருதுங்கக்கா. எம்புள்ளயும் வாரா. இதுல ஏறுனா கோலிக்குண்டு மேல ஏறுன மாதிரி. அள்ளிருங்க."

"ஈரத்தோட அள்ளி யாருக்குக் கொண்டுபோயிப் போடறது?"

தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டது. காளியண்ணன் குனிந்து ஒரு மணியை எடுத்துக் கடித்தார்.

"காஞ்சிருச்சுங்கக்கா."

"இப்பத்தான் கொட்டுனேன். வெயிலே இன்னும் ஏறல."

"நேத்தே காஞ்சுதான் இருந்துச்சுங்க."

சின்னாயி இடுப்பில் கை வைத்தாள். "இத நாலு பேரு முன்னால சொல்லுவியா?"

"சந்தையில மைக்கு வெச்சுச் சொல்றனுங்க. கூட்டறதுக்குச் சீமாறு எங்க?"

அவள் காட்டுப் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்தாள். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பலகையால் தள்ளினார்கள், முறத்தால் வாரினார்கள். காளியண்ணன் கொடியை எறிந்துவிட்டு, பந்தயத்துக்கென்றே கட்டிவந்த புது வேட்டியை அவிழ்த்து, டவுசரோடு நின்று தரையைத் துடைத்தார். "இந்த ஓரத்துல இன்னும் கெடக்குது பாரு, ஊட்டுலயும் இப்படித்தான் கூட்டுவியா?" என்று ஒருத்தி அவரையே அதட்டினாள்.

ஜீப் போனது. அதன் பின்னால் மழை வருகிற மாதிரி ஒரு இரைச்சல். மொத்தக் கூட்டமும் ஒரே சாய்வாக வளைவில் சாய்ந்தது. எல்லாத் தலைக்கவசமும் ஒன்று போலவே இருந்தன. இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி வந்தவளைப் பார்த்த பிறகுதான் அது அபிநயா என்று தெரிந்தது. ஏதோ ஒரு சக்கரத்தில் தெறித்த ஒற்றைச் சோளமணி அவர் முழங்காலில் பட்டது. அபிநயா சாய்ந்தாள், நிமிர்ந்தாள், போய்விட்டாள். டவுசரோடு நின்ற அப்பனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

கடைசிச் சைக்கிளும் கடந்தது. காளியண்ணன் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். சின்னாயி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள்.

"உம்புள்ள செயிச்சுருமா சாமி?"

"தெரியலீங்கக்கா," என்றார். "விழாமப் போச்சுங்க." சொல்லிவிட்டுச் செம்பை வாங்கி அண்ணாந்து குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில்தான் போனது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.