சொட்டுத் தண்ணீர் கூடாது

கல் அறுக்கும் அறையில் அவருக்கு இம்மி என்று பெயர். இம்மி பிசகாமல் அறுப்பவர் என்று யாரோ வைத்தது, ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடங்களாக அந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்த எந்தப் பாறையும் அவருடைய ரம்பத்துக்குத் தப்பியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கை அப்படி.

அன்று காலை, விண்கல் ஆராய்ச்சி செய்யும் மேடம் கொண்டுவந்த கல் எலுமிச்சை அளவுதான். அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. வானத்திலிருந்து விழுந்த அன்றே, பனி இறங்குவதற்குள் பொறுக்கியது. கிடைத்ததும் இது ஒன்றுதான்.

"கரி, களிமண், உப்பு. பூமி உருவாகுறதுக்கு முன்னாடியே ஒண்ணா சேர்ந்தது அண்ணே, வியாழனுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ," என்றார் மேடம். "உள்ளேயே அந்தக் காலத்துத் தண்ணியும் கொஞ்சம் இருக்கு. நம்ம குழாய்த் தண்ணி அதோட கலந்துட்டா எது எதுன்னு யாராலயும் பிரிக்க முடியாது. உப்பும் கரைஞ்சு போயிடும். சொட்டுத் தண்ணி கூடாது. மெயின் வால்வையே மூடிடட்டுமா?"

"நான் என்ன சின்னப் புள்ளையா மேடம்?"

இப்படியொரு கல்லுக்காக மேடம் பதினெட்டு வருடம் தவம் கிடந்தது அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். தன் அறைக்குப் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இம்மி ரம்பத்தை ஓட்டினார். மற்ற கல்லுக்கெல்லாம் பிளேடு சுற்றும்போது தண்ணீரும் கூடவே ஓடும், சூடு தணிய. இதற்கு உலர்வாக, பொறுமையாக. முக்கால் பாகம் சோப்புக் கட்டி மாதிரி போயிற்று. அப்புறம் உள்ளே ஏதோ கெட்டியான மணி தட்டுப்பட்டது. பிளேடு கிறீச்சிட்டது. லேசாகப் புகை. பிளேடு கிறீச்சிட்டால் இடது கை என்ன செய்யுமோ அதைச் செய்தது. அவரைக் கேட்கவே இல்லை.

மூன்றே விநாடி. பதறிப்போய்க் குழாயை மூடினார். அதற்குள் கல் குடித்துவிட்டது. வெட்டு முகத்தில் இருந்த வெள்ளைப் புள்ளிகள் பார்க்கப் பார்க்கக் காணாமல் போயின. துடைக்கும் தாளை எடுத்தார், வைத்தார். துடைத்து என்ன ஆகப்போகிறது?

காய்ந்துவிட்டால் வெளியே தெரியாது என்று ஒரு கணம் புத்தி போனது. ஆனால் மேடம் குழாய்த் தண்ணீரை அளந்து, வியாழனுக்கு அப்பாலிருந்து வந்தது என்று ஊருக்கே சொல்வார். போய்ச் சொன்னார்.

மேடம் வந்தார். கல்லைத் தொடவில்லை, குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?"

"மூணு செகண்டு."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்தான். திட்டுங்க மேடம். வாய்க்கு வந்தபடி திட்டுங்க."

மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"மீதியையும் அறுத்துடுங்க அண்ணே," என்றார் மேடம் கடைசியில். "கீழே கண்ணாடி அலமாரியில வைக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வந்தா பார்க்கட்டும். இனி தண்ணி விட்டே அறுங்க."

இம்மி ரம்பத்தை ஓட்டினார். குழாய்ப் பக்கம் மட்டும் கை எழவே மாட்டேன் என்றது. நின்றுகொண்டே இருந்தார். மேடம் எழுந்து வந்து, தானே குழாயைத் திறந்துவிட்டார்.