கருப்பம்மாளைக் காயப்போட்ட கதை

1.

"காய் பூராம் தைலம் மணக்குது கருப்பம்மா! மோந்து பாரு! பாருங்கிறேன்ல!"

"எட்டப் போங்கண்ணே. மூஞ்சில கொண்டாந்து அப்பாதீங்க."

"விருதுநகர் வியாபாரி மூடையைப் பிரிச்சதும் என்னா கேட்டான் தெரியுமா? 'அண்ணாச்சி, இது பாயசத்துக்குப் போடுறதா, முழங்காலுக்குப் போடுறதா'ன்னு கேக்குறான். ஏலக்காய் ஏவாரத்துல இம்புட்டு வருசத்துல ஒருத்தன் என்னைய இப்பிடிக் கேட்டதில்ல!"

"அவனுக்கும் முழங்கால் வலி இருந்துருக்கும். அதான் மோந்ததும் கண்டுபிடிச்சுட்டான்."

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இந்த இடத்தில்தான். அதாவது எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில். ஜன்னலுக்கு நேர் எதிரே காசிமாயனின் ஏலக்காய்க் கடை, அதையொட்டி அவருடைய முற்றம். நான் ஒட்டுக்கேட்கவில்லை. அடுப்பில் பால் இருந்தது, பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூடத் தெரியாத அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.) மொட்டைமாடிக்குப் போயிருந்தால் இரண்டு பேரின் முகத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கலாம். மாடிப்படி ஏறச் சோம்பல். சோம்பல்தான், வேறொன்றுமில்லை.

ஒரு கதையைச் சண்டையிலா தொடங்குவது என்று கூச்சப்பட்டு வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், ஏலம் மணக்கும் போடிநாயக்கனூரில் — [அன்றைக்கு மணந்தது தைலம். அடித்துவிட்டேன்.]

மனித உடல் என்பது — [எனக்கென்ன தெரியும்.]

மெலிந்த தேகமும் சாந்தமான முகமும் கொண்ட கருப்பம்மாள் — [ஒரே வரியில் இரண்டு பொய்.]

ஆகவே சண்டையே இருக்கட்டும்.

2.

கருப்பம்மாளுக்கு வயது அறுபத்து நான்கு. எடை ........ கிலோ.*

புருசன் காலமாகி வெகு வருசமாகிறது. அவர் விட்டுப்போனது போடிமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம், பிரதீப் என்று ஒரு மகன். தோட்டம் அவள் சொன்னபடி கேட்கும். மகன் திருப்பூரில் இருக்கிறான்.

தோட்டத்துக்குப் போக ஒரே வழி, விடியலில் வேலையாட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகும் முத்துக்கண்ணனின் ஜீப். அதன் பின்படி உயரம். இளசுகள் தாவி ஏறிவிடும். கருப்பம்மாளின் முழங்கால்களோ கொஞ்ச காலமாகவே வேலைநிறுத்தத்தில் இருந்தன. போன வருசம் காய் எடுப்பின்போது, லோடு ஏற்றுகிற ஆட்கள் இரண்டு பேர் கீழேயிருந்து தள்ள, உள்ளேயிருந்த பெண்கள் கையைப் பிடித்து இழுக்க, தள்ளியவர்களில் சின்ராசு என்பவன் வாய்ப்பழக்கத்தில் "மெல்ல, மெல்ல, மூடை கிழிஞ்சிராம" என்று சொல்லிவிட்டான். ஜீப்பே சிரித்தது. கருப்பம்மாளும் சிரித்தாள். அன்று சாயங்காலம் இறங்கி வந்தவள் அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை.

(இந்த இடத்தை வேடிக்கையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அப்படியே விடுகிறேன்.)

பிறகு பிரதீப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது கருப்பம்மாளின் வழக்கம், அதற்கு நான் பொறுப்பில்லை.

"நீ போகாத தோட்டத்த வச்சு என்னம்மா பண்ணப் போற? ஆள் கேட்டு வந்துருக்காங்க. குத்தகைக்கு விட்ருவோம்."

"நான் போவேன்டா."

"எப்பிடி? நாலு பேரு தூக்கியா?"

கருப்பம்மாள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஆவணியில காய் எடுக்கும்போது நீ வா. ஒருத்தர் கை எம்மேல படாம ஜீப்புல ஏறுறேன். ஏறலைன்னா, எங்க கையெழுத்துப் போடணுமோ போட்டுத் தர்றேன். போதுமா?"

* இங்கே எண் எழுதியிருந்தேன். அழித்தது நானல்ல. ஐந்தாம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

3.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "எடையைக் கொஞ்சம் குறைங்கம்மா, மூட்டுக்குச் சுமை குறையும்." எப்படிக் குறைப்பது என்று அவள் கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆனால் எடை எப்படிக் குறையும் என்பது போடியில் யாருக்குத்தான் தெரியாது? செடியிலிருந்து பறித்த பச்சைக்காய் ஐந்து கிலோ. சூட்டறையில் காயவைத்து எடுத்தால் ஒரு கிலோ. ஆட்டமில்லை, ஓட்டமில்லை, பட்டினியில்லை. சும்மா கிடந்தால் போதும். வாழ்நாள் முழுக்க ஏலக்காயைப் பார்த்த ஒருத்திக்கு இது தோன்றாமலிருந்தால்தான் ஆச்சரியம்.

காசிமாயன் கடையின் பின்பக்கம் ஒரு சூட்டறை உண்டு. சாரல் காலத்தில் ஈரம் ஏறிய காயை மறுபடி காயவைப்பதற்கு. காசிமாயன் மனைவியை இழந்தவர், மதியம் தானே சமைத்துத் தானே சாப்பிட்டு, அந்த அலுப்பில் கண்ணயர்வார். அந்த நேரம் பார்த்து கருப்பம்மாள் உள்ளே போய், காய் பரப்பிய தட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது.

வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்து கடைத் தராசில் ஏறினாள். ஒரு கிலோ குறைந்திருந்தது! சந்தோசத்தில் இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்கலாமென்று ஏறினாள். போன கிலோ திரும்பி வந்திருந்தது. தராசு சரியில்லை என்று முடிவு கட்டினாள்.

மறுநாள், சூட்டில் நன்றாக உள்ளே இறங்குமென்று இரண்டு முழங்காலிலும் தைல பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். ஏலக்காய்க்கு ஒரு குணம்: பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் வாசனையை வாங்கி வைத்துக்கொள்ளும்.

மூடை விருதுநகர் போனது. விருதுநகரிலிருந்து மூடை திரும்பியது. சண்டையின் முதல் பாதியைக் கேட்டுவிட்டீர்கள். மறுபாதி இது:

"சூட்டறைக்குள்ள ஒனக்கு என்னா சோலி?"

"காயத்தான் ஒக்காந்தேன்."

"என்னாது?"

"அஞ்சு கிலோ பச்சை ஒரு கிலோவா ஆகுதுல்ல? நான் என்ன அம்புட்டா கேட்டேன்? பத்துக் கிலோ கொறைஞ்சாப் போதும்னு நெனைச்சேன்."

காசிமாயன் திரும்பிச் சூட்டறையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் குரலை இறக்கிப் பேசினாள். ஜீப்பு என்றாள், மூடை என்றாள், பிரதீப் என்றாள். நான் குழாயை அடைத்துவிட்டுக் கேட்டும் முழுசாகப் பிடிபடவில்லை. கடைசியில் அவர் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது:

"இந்தா பாரு. இனிமே எது கொறைச்சாலும் என் கண்ணு முன்னாடி, இந்த முத்தத்துல வச்சுக் கொறை. சூட்டறைப் பக்கம் காலெடுத்து வச்ச, ஒன்னையும் மூடையில கட்டி ஏலத்துக்கு விட்ருவேன்."

4.

காசிமாயனின் அக்கா மகள் சூர்யகலா, சிலமலைக்காரி. ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பார்க்க வந்தவளிடம் வழக்கு போனது. சிரித்து முடிக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"பெரியம்மா, சூட்டுல போறது தண்ணி. கொழுப்பு அங்கயேதான் இருக்கும். தட்டுல சோத்தைப் பாதியாக்கி, அந்த எடத்துல கீரையும் காயும் வைங்க. நாற்காலியில ஒக்காந்து காலை மெதுவா நீட்டி, கொஞ்சம் நிறுத்தி, மெதுவா எறக்குங்க. சொவத்தைப் புடிச்சுக்கிட்டு ஒரு செங்கல் ஒசரம் ஏறி எறங்குங்க. சுருக்குன்னு வலிச்சா அதோட நிறுத்திறணும். வலியோட சண்டை போடக் கூடாது."

"யாத்தே, சண்டை போடாம நான் எந்த வேலையத்தான் செஞ்சுருக்கேன்?"

காசிமாயன் முத்துக்கண்ணனின் ஜீப்புக்குப் பக்கத்தில் செங்கல்லை அடுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். பின்படி ஆறு செங்கல் உயரம். அன்றே முற்றத்துச் சுவரோரம் செங்கல் வந்து இறங்கியது. கருப்பம்மாள் ஒரு செங்கல் உயரத்தில் தொடங்கினாள். ஏறினாள், வைதாள், இறங்கினாள், வைதாள். அவர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து "நீட்டு... நிறுத்து... எறக்கு" என்று மேற்பார்வை பார்த்தார்.

மேற்பார்வைக்கு வாய் போதும். அவருடைய கால் ஏன் நீண்டு நீண்டு மடங்கியது? காசிமாயன் என்ற கதாபாத்திரத்தை இங்கேதான் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.*

* இன்னொன்று. ஆனி மாதம் முழுக்க "அண்ணே, செங்கல் ஆடுது" என்பாள். ஆடி பிறந்த பிறகு வெறும் "செங்கல் ஆடுது." அண்ணே எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. குறித்துக்கொண்டேன்.

5.

கதை இந்த இடத்துக்கு வந்தபோது கருப்பம்மாளே வந்துவிட்டாள்.

"மதினி, என்னையப் பத்தி என்னமோ எழுதுறீகளாம்ல. படிங்க கேப்போம்."

படித்தேன். சூட்டறைக்குக் கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன், ரசித்துச் சிரித்தாள். இரண்டாம் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன்.

"இதென்ன, எடையைப் போட்டு வச்சுருக்கீக? ஊரு பூராம் படிக்கும். கொறச்சு எழுதுங்க."

எழுத்தில் எடை குறைப்பது சுலபம், ஒரு கோடு போதும். பத்துக் கிலோ குறைத்தேன். முகம் மலர்ந்தது. "இன்னும் ஒரு அஞ்சு?" அதையும் குறைத்தேன். "மெலிந்த தேகமும்" என்ற வரியைக்கூடக் குப்பையிலிருந்து எடுத்து வைத்தேன். மகாராணி மாதிரி நிமிர்ந்து எழுந்தாள். எழுந்தவள் பாதியில் நாற்காலிக் கையைப் பிடித்தாள்.

"அம்மாடி..."

முழங்கால் கதை படிப்பதில்லை.

அப்படியே குனிந்து நின்றுகொண்டிருந்தாள். பிறகு என் பேனாவை வாங்கி அந்த எண்ணைக் கறுப்பாக அடித்தாள். "எம்புட்டுன்னு எழுத வேணாம் மதினி. ஏறுனேனா இல்லையா, அத மட்டும் எழுதுங்க."

"ஏற முடியலைன்னா?"

"கிழிச்சுப் போட்டுருங்க."

6.

ஆவணி. பிரதீப் முந்தின நாளே வந்துவிட்டான். விடியலில் ஜீப் காசிமாயன் கடை முன்னால் வந்து நின்றது. அன்று நான் வாசலில் போட்ட கோலம் எங்கள் தெரு கண்டதிலேயே பெரியது. எவ்வளவு போட்டும் முடியவில்லை.

கருப்பம்மாள் முற்றத்தில் ஐந்து செங்கல் உயரம் வரைக்கும் ஏறிப் பழகிவிட்டாள். ஆறாவதில் முட்டி சுருக்கென்றது. அது அவளுக்குத் தெரியும், காசிமாயனுக்குத் தெரியும், ஜன்னலுக்குத் தெரியும். பிரதீப்புக்குத் தெரியாது.

அவள் ஜீப்பின் பின்னால் போய் நின்றாள். காசிமாயன் ஒற்றைச் செங்கல்லோடு வந்து, படிக்குக் கீழே தரையில் போட்டார். விலகி நின்றார்.

"இது ஆட்டத்துல இல்ல," என்றான் பிரதீப். "செங்கல்ல ஏறுனா செல்லாது."

"ஒருத்தர் கை படக் கூடாதுன்னுதானடா பேச்சு? செங்கல்லுக்குக் கை எங்கடா இருக்கு?"

கம்பியைப் பிடித்தாள். ஒரு கால் செங்கல்லில். மறுகாலைத் தூக்கிப் படியில் வைத்தாள். உள்ளே உட்கார்ந்திருந்த சின்ராசு, அதே மூடைக்காரன், தன்னையறியாமல் கையை நீட்டினான். ஒரு பார்வை பார்த்தாள். அவன் கையை எடுத்து அக்குளில் செருகிக்கொண்டான்.

ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்தே நின்றது. என் கையிலிருந்த கோலமாவு ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஜீப் நிமிர்ந்தது. கருப்பம்மாள் உள்ளே இருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

"எல்லாரும் என்னத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கீக? வண்டிய எடு முத்துக்கண்ணா, வெரசா. காய் பழுத்துப் போகும்."*

* முந்தின நாள் கடைத் தராசில் பார்த்தபோது மூன்று கிலோ குறைந்திருந்தது. இந்தத் தடவை மோருக்குப் பிறகும் அது திரும்பி வரவில்லை. எண்ணை எழுதக் கூடாது, குறைந்ததை எழுதலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறேன்.

7.

முடிவு ஒன்று: பிரதீப் கண்ணீர் மல்க அம்மாவின் கால்களைத் தொட்டு — [மதிய பஸ்சுக்கே திருப்பூர் போய்விட்டான். குத்தகைப் பேச்சை எடுப்பதில்லை. செங்கல் செல்லாது என்று மட்டும் இன்னும் போனில் சொல்கிறான்.]

முடிவு இரண்டு: இருவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு — [எனக்கும் ஆசைதான். பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லையே.]

நடந்தது இவ்வளவு. கருப்பம்மாள் தோட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஆயுத பூஜைக்கு காசிமாயன் தராசுக்கும் சூட்டறைக்கும் பொட்டு வைத்தார். அந்தச் செங்கல்லுக்கும் வைத்தார். தை மாதம் சூர்யகலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ராசிங்காபுரம், வேலை ஓசூரில், பெண்ணும் அங்கேயே போய்விட்டாள். கல்யாணத்துக்கு கருப்பம்மாள் மலையிலிருந்து இறங்கி வந்து, மண்டபத்துப் படியைத் தானே ஏறினாள். அதுவரை பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த சூர்யகலா, மேடையில் அவளை "வாங்கத்தை" என்றாள். நான் இரண்டாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தேன். நன்றாகவே கேட்டது. (பாயசத்தில் தைலம் மணக்கவில்லை. சோதித்துவிட்டேன்.)

அடுத்த வாரம் காசிமாயன் கடை பூட்டியிருந்தது. பொட்டு வைத்த செங்கல்லைக் காணவில்லை. முத்துக்கண்ணனைப் பிடித்துக் கேட்டேன்.

"மஞ்சப் பையில செங்கல்லக் கொண்டாந்து, கீழ போட்டு ஏறுனாரு அக்கா. ஏறுன பெறகு அத எடுத்துக் குடுக்கச் சொல்லி மடியில வச்சுக்கிட்டாரு. எதுக்குண்ணேன்னு கேட்டேன். 'எறங்கணும்ல'ன்னாரு."

"எப்பத் திரும்பி வர்றாராம்?"

"அதச் சொல்லலியே."

ஆக, கதையின் முடிவு மெட்டுக்கு மேலே இருக்கிறது. ஜீப் தினமும் என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. ஒருநாள் நிறுத்தச் சொல்லி, பின்படி பக்கத்தில் போய் நின்றும் பார்த்தேன். முதல் பகுதியில் சோம்பல் என்று எழுதியிருந்தேனே, அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள்.

முற்றத்தில் மிச்சமிருந்த செங்கல்லில் ஒன்றை நேற்று சமையலறைக்குத் தூக்கிவந்து ஜன்னலடியில் போட்டிருக்கிறேன். ஏறி இறங்குகிறேன். வைகிறேன். ஆறு செங்கல் உயரம் வர எனக்கு இன்னும் எத்தனை மாதமோ. உங்கள் முழங்கால் நன்றாக இருந்தால் முந்திக்கொள்ளுங்கள். மேலே போய், அந்தப் பொட்டு வைத்த செங்கல் யார் வீட்டு வாசலில் கிடக்கிறதென்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள்.

பால் பொங்கினாலும் எடுப்பேன்.