வாரத்துக்கு விட்ட ஆடு

ஜெகன் தம்பிக்கு ஆடுன்னா இன்னான்னே தெரியாது. பொறாமையில சொல்றேன்னு நெனச்சிக்காதீங்க. ரெண்டு வருசமா அவரு பண்ணையில புழுக்க வாரி, தழை ஒடிச்சிப் போட்டு, பால் கறந்து குடுத்தவ சொல்றேன்.

சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாத்துக்கினு இருந்தவரு, திடீர்னு எல்லாத்தையும் வுட்டுட்டு எங்க ஊரு காவாந்தண்டலத்துக்கே திரும்பி வந்துட்டாரு. அவங்க நெலத்துல கம்பி வேலி போட்டாரு. தரைக்கு மேல பலகை அடிச்சி கொட்டாய் கட்டினாரு. கேரளாவுல இருந்து பத்து தலச்சேரி ஆடு எறக்கினாரு. ஆட்டுப் பால கண்ணாடி பாட்டில்ல ஊத்தி சென்னைக்கு அனுப்பறாராம். கொட்டாயில ஃபேன், ஃபேனுக்குக் கீழ ஸ்பீக்கர். காலையில வீணை, சாயங்காலம் புல்லாங்குழல். அத்தக் கேட்டா ஆடு நெறைய கறக்குமாம். எங்க வூட்லயும் ஒரு ஃபேன் கீது, அது சுத்தறத விட கத்தறதுதான் ஜாஸ்தி.

ஒவ்வொரு ஆட்டுக்கும் காதுல ஒரு நம்பர். எந்த ஆடு எப்ப கிடாயோட சேந்துச்சி, எப்ப குட்டி போடும்னு போனே சொல்லிடுமாம். ஆட்டு முன்னாடி நின்னுக்கினு ஆட்டப் பாக்காம போனப் பாக்கற ஆள நான் அங்கதான் பாத்தேன்.

பத்துல ஒண்ணு செவலை. அவருக்கு அது நாலாம் நம்பர். நல்ல கறவை, சாது. தழை கட்டோட நான் உள்ள நொழையறப்பவே கழுத்த நீட்டிக்கினு கொரல் குடுக்கும்.

போன வருசம் ஒரு நாள் சென்னையில இருந்து வீடியோ எடுக்க வராங்கன்னாரு. "சித்ராக்கா, மடி பெருசா தெரியணும். இன்னிக்கி சாயங்காலம் கறக்காதீங்க, நாளைக்கி காலையிலயும் கறக்காதீங்க."

"தம்பி, பால் கட்டிக்கும். மடி கெட்டுப் போயிடும்."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆவாதுக்கா. நான் படிச்சிருக்கேன்."

படிச்சாராம்! வீடியோக்காரங்க மறுநாள் மத்தியானம் ஆடிக்கினு வந்தாங்க. அது வரைக்கும் செவலை கால அகட்டி வச்சிக்கினு நிக்குது, படுக்க முடியல. மூணாம் நாளு ஒரு பக்க மடி கல்லாட்டம் ஆயிடுச்சி. பீச்சினா திரி திரியா தயிராட்டம் வருது, கூடவே ரத்தம். வீடியோவ மட்டும் ஆயிரக்கணக்குல பாத்தாங்களாம்.

"இது இனிமே வேஸ்ட்டுக்கா. கறிக்கடைக்குப் போன் பண்ணிடறேன்" அப்டின்னாரு. பழைய செருப்பத் தூக்கிப் போடறவங்க கூட ஒரு தடவ திருப்பிப் பாப்பாங்க. இவரு போன்ல இருந்து கண்ண எடுக்கல.

"தம்பி, கறிக்கடைக்குப் போடாதீங்க. எனக்கு வாரத்துக்குக் குடுங்க, நான் பாத்துக்கறேன்"னேன். அவங்கம்மா ராணியம்மா பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாங்க.

"வாரத்துக்கா? சரி, எடுத்துக்கினு போங்க"ன்னுட்டாரு.

இல்லாதவ ஆட்டுக்காரி ஆவறதுக்கு எங்க பக்கம் இந்த ஒரு வழிதான் கீது. ஆடு வச்சிருக்கறவங்க கிட்ட வாரத்துக்கு வாங்கிக்கினு வரணும். ஆடு அவங்களுது, பாடு நம்மளுது. போடற குட்டியில அவங்களுக்குப் பாதி, நமக்குப் பாதி. எழுத்து கெடையாது, வாய் வார்த்தைதான். எனக்கு நாப்பது வயசு ஆவுது. ஊரு ஆட்டயெல்லாம் மேச்சிருக்கேன், என்னுதுன்னு சொல்லிக்க ஒரு குட்டி கெடையாது. செவலை செனையா கீதுன்னு வயித்தத் தடவிப் பாத்தே கண்டுபுடிச்சேன். மறைக்கல, அவருகிட்டயே சொன்னேன். "போன்ல அப்படி காட்டலியே"ன்னாரு. போன் காட்டலன்னா வயித்துல குட்டி இல்லன்னு அர்த்தம்!

வூட்டுக்கு ஓட்டிக்கினு வந்தேன். டாக்டர் வந்து ஊசி போட்டாரு. வெந்நீர்ல துணி நனச்சி ஒத்தடம் குடுத்தேன். சோத்துக்கத்தாழை, மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு அரைச்சி மடியில பூசினேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ கெட்ட பாலப் பீச்சி பள்ளத்துல ஊத்தினேன். மொத ரெண்டு நாளு ஒதைச்சிது. அப்பால புரிஞ்சிக்கினு காலத் தூக்கிக் குடுத்துது. ஆறாம் நாளு கல்லு எளகிடுச்சி. ஏழாம் நாளு ரெண்டு பக்கமும் பால் வெள்ளையா வந்துச்சி. சந்தோஷத்துல அழுதுட்டேன், இதுல வெக்கம் இன்னா கீது.

எட்டாம் நாளு காலையில வாசல்ல குட்டியானை வண்டி வந்து நிக்குது. ஜெகன் தம்பி எறங்கினாரு.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா. நல்லா ஆயிடுச்சின்னாங்க. ஏத்திடலாமா?"

"எத்த ஏத்தறது?"

"ஆட்டத்தான். ஒரு வாரத்துக்குத்தானே குடுத்தேன்? நேத்தோட முடிஞ்சிடுச்சே."

எனக்கு மொதல்ல புரியல. அப்பால புரிஞ்சது பாருங்க, சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. வாரம்னா ஞாயித்துக்கெழமையில இருந்து சனிக்கெழமை வரைக்கும்னு நெனச்சிருக்காரு! இந்த மண்ணுல பொறந்து, இந்த சோத்தத் தின்னு வளந்த ஆளு! கர்மம், கர்மம்னு தலையில அடிச்சிக்கினேன்.

"தம்பி, வாரம்னா பங்கு. நான் வளக்கணும், குட்டியில ஆளுக்குப் பாதி."

"அப்படியெல்லாம் நான் சொல்லலியேக்கா. எங்கயாவது எழுதியிருக்கா?"

"உங்கம்மாவக் கூப்புடுங்க. அவங்களுக்குத் தெரியும்."

அதான் நான் பண்ண தப்பு. புள்ள தெரியாத ஆளு, சொன்னா புரிஞ்சிக்குவாரு. அம்மா வந்தா ஒரே வார்த்தையில தீந்துடும்னு மெய்யாலுமே நம்பினேன். ராணியம்மா வந்தாங்க. செவலையப் பாத்தாங்க, மடியப் பாத்தாங்க, வயித்தப் பாத்தாங்க. அவங்க கண்ணு பொய் சொல்லாது, செனைன்னு தெரிஞ்சிக்கினாங்க.

"ஆமாண்டி சித்ரா. ஏழு நாளு வச்சிப் பாத்துட்டுத் தரேன்னுதானே கேட்ட? நான் கூட இருந்தேனே."

அடியேய்! கண்ணக் கூட சிமிட்டல. நாத்தாங்கால்ல இருந்து களத்து மேடு வரைக்கும் வாரம்னா இன்னான்னு தெரிஞ்ச பொம்பள. தெரியாத புள்ளய இன்னாத்துக்குத் திட்டறது? தெரிஞ்சே புளுகற வாயிக்கு இன்னா பேரு வைக்கறது? தெருவே எட்டிப் பாக்குது, ஒருத்தர் வாயத் தொறக்கல. பாதி பேரு அவங்க நெலத்துல வேல செய்யறவங்க.

வண்டிக்காரன் கயித்துல கை வச்சான். செவலை என் பக்கம் திரும்பி ஒரு கொரல் குடுத்துது. எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ அந்தத் தெம்பு.

"எம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பண்ணை நிக்குதே, அந்த நெலம் ஆருது?"

"எங்க மாமனாருது. இன்னா கேள்வி இது?"

"உங்க மாமனாரு உத்திரமேரூர் ஐயரு ஒருத்தரு கிட்ட, வெளச்சல்ல பாதி தரேன்னு வாரத்துக்கு எடுத்த நெலம். எங்கப்பாதான் ஏர் ஓட்டினாரு, அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஐயரு பசங்க பம்பாய்க்குப் போயிட்டாங்க, நெலம் இங்கயே நின்னுடுச்சி. வாரம்னா ஏழு நாளுதானேம்மா? எட்டாம் நாளு அந்த நெலத்தத் திருப்பிக் குடுத்தீங்களா?"

தெருவுல ஆரோ சிரிச்சிட்டாங்க. ராணியம்மா மூஞ்சி சுண்டிப் போச்சி. ஜெகன் தம்பி, "அம்மா, இன்னாமா சொல்றாங்க?"ன்னு திருதிருன்னு முழிக்கறாரு. அந்த நெலத்தத்தான் வீடியோவுல எங்க பரம்பரை பூமின்னு காட்டினாரு.

"வண்டியத் திருப்பச் சொல்லுடா"ன்னாங்க ராணியம்மா. அன்னியோட எனக்குப் பண்ணை வேலையும் போச்சி. போனா போவுது, ஏரிக்கரையில நூறு நாள் வேலை கீது.

மூணு மாசம் கழிச்சி செவலை ரெண்டு குட்டி போட்டுது. ஒண்ணு கிடா, ஒண்ணு பெட்டை. பால் மறக்கற வரைக்கும் வளத்து, ஆள் அனுப்பினேன். எங்க வாய் வார்த்தை எங்களுக்குப் பெருசு. அம்மாவும் புள்ளயும் வந்தாங்க. ஆட்டுக்காரங்கதான் மொதல்ல எடுக்கணும், அதான் மொறை. பெட்டையத்தான் எடுப்பாங்க. பெட்டை போனா என் கொட்டாய்ல ஆடு பெருவாது, கிடா ஒரு நாளு கறிக்கடைக்குப் போயிடும்.

கிடா நல்லா கொழுகொழுன்னு, நெத்தியில வெள்ளப் பொட்டோட துள்ளிக்கினு கீது. பெட்டை நோஞ்சான், மூலையில ஒண்டிக்கினு நிக்குது. ஜெகன் தம்பி போன எடுத்து கிடாவ ஒரு படம் எடுத்தாரு.

"இதுதான் சூப்பரா இருக்கு. இத எடுத்துக்கறேன்."

ராணியம்மா பதறிப் போயி, "டேய், அது கிடாடா, பால் பண்ணைக்கு..."ன்னு ஆரம்பிச்சாங்க.

"எனக்குத் தெரியும்மா. நீ சும்மா இரு. அன்னிக்கி உன்னாலதான் தெருவுல மானம் போச்சி."

ராணியம்மா என்னப் பாத்தாங்க. நான் குனிஞ்சி பெட்டைக்குத் தழை போட்டேன். கேட்டா சொல்லியிருப்பேன், அவரு கேக்கல. பால் பண்ணைக்காரரு கிடாக்குட்டியத் தோள்ல போட்டுக்கினு, படம் எடுத்துக்கினே போனாரு.

பெட்டை இப்ப நல்லா தேறிடுச்சி. தெனம் காலையில செவலையோட ஏரிக்கரைக்கு ஓட்டிக்கினு போறப்ப, ராணியம்மா வூட்டு வாசலத் தாண்டித்தான் போவணும். அங்க வந்தா குட்டி நின்னு நின்னு வேலியக் கடிக்கும். நானும் நின்னு, கொஞ்சம் சத்தமாவே பேரு சொல்லிக் கூப்புடுவேன்.

"ஏ வாரம்! வாடி இங்க."