கூடையில் சின்ன முட்டைகள்

மற்ற ஆண்களோடு நைட்டிங்கேல் தீவுக்குப் பென்குவின் முட்டை எடுக்கப் போய் வந்த ஆம்ப்ரோஸ் இறக்கி வைத்த கூடையில் இருந்ததெல்லாம் சின்ன முட்டைகள். அவன் மனைவி செலினா புல்லைக் கிளறி அடிவரை பார்த்துவிட்டாள். இந்தப் பக்கத்துப் பென்குவின் இரண்டு முட்டை இடும். முதலில் சின்னது, நாலைந்து நாள் கழித்துப் பெரியது. பெரியதைத்தான் அக்கறையாக அடைகாக்கும். சின்னது கூட்டைவிட்டு உருண்டு போனாலும் திரும்பிப் பார்க்காது. பறவையே வேண்டாமென்று விடுவதைக் கட்டியவள் தலையில் கட்டிவிட்டு, பெரியதையெல்லாம் டார்கஸ் வீட்டுக்குச் சுமந்து போயிருக்கிறான் மனுஷன்!

டார்கஸின் புருஷன் கடலோடு போனவன். விதவை வீட்டுக்குப் பங்கு கொடுப்பது ஊர் வழக்கம்தான், அதை யார் குறை சொன்னார்கள்? ஆனால் கல்யாணத்துக்கு முன் ஆம்ப்ரோஸ் இரண்டு வருஷம் நடையாய் நடந்ததும் அதே வாசலுக்குத்தான். செலினா அடுப்பை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

டார்கஸ் சன்னலோரம் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்தாள். தலைத்துணிக்கு வெளியே இரு பக்கமும் மஞ்சள் முடி, அந்தப் பென்குவினின் சிவந்த கண்ணுக்கு மேல் சிலுப்பி நிற்கும் குஞ்சம் மாதிரி. இந்த வயதிலும் ஒரு நரை இல்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"உனக்கு மட்டும் பெரிய முட்டையா பார்த்து வந்திருக்கு போல?"

டார்கஸ் சிரித்துவிட்டாள். "அடி அசடே, போன அன்னிக்கே உன் கூடையைத்தான் நிரப்பியிருக்கான். அப்போ சின்னதுதானே இட்டிருக்கும்? அப்புறம் காத்துல மாட்டி அஞ்சு நாள் அங்கேயே கிடந்தாங்கல்ல, அப்போ எடுத்தது இது. வேணும்னா எடுத்துட்டுப் போ. பெரிசானாலும் சின்னதானாலும் பறவை தின்ன கூனி இறால், கணவாய் வாடைதான்."

நியாயமான பேச்சு. செலினாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது, தானும் சிரித்தாள். அப்போதுதான் டார்கஸ் கையில் இருந்ததைப் பார்த்தாள். ஆண்பிள்ளைக் காலுறை. இந்தத் தீவில் ஒரு பெண் ஆணுக்குப் பின்னும் காலுறையில் எத்தனை வண்ணக்கோடோ அத்தனை பிரியம். ஒரு கோடென்றால் வெறும் நன்றி. வெள்ளைக் காலுறையில் ஒரு சிவப்புக் கோடு முடிந்திருந்தது. சிவப்பு நூலுருண்டை இன்னும் மடியிலேயே இருந்தது.

"யாருக்கு?"

"முட்டை சுமந்தவனுக்குத்தான். சும்மா வாங்கிக்கலாமா?"

"எத்தனை கோடு?"

டார்கஸின் ஊசி நின்றுவிட்டது.

செலினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கொடு இப்படி. மிச்சத்தை நான் பின்னுறேன்."

ஊசிகளை வாங்கி, வெள்ளை நூலை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டு, குதிகாலை நோக்கி வேகவேகமாகப் பின்னத் தொடங்கினாள். டார்கஸ் சிவப்பு உருண்டையை இரு கைகளாலும் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.