ஆணியில் தொங்கிய தட்டு

லண்டன் கோலியர்ஸ் வுட்டில், ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் மாதக் கடைசிச் சனிக்கிழமை வாசகர் வட்டம் கூடும். போரை நிறுத்தச் சொல்லி மே மாதம் பாராளுமன்றத்துக்கு முன்னால் பிடித்த பதாகைகள் செப்டம்பர் வந்தும் மூலையில் சாத்திக் கிடந்தன.

அன்றைக்கு எடுத்த நாவல் அமெரிக்கத் தென்மாநிலத்துக்காரி ஒருத்தி எழுதியது. ஒரு அத்தியாயத்தைத் தமிழாக்கிப் படியெடுத்துக் கொடுத்தவள் றொசாந்தி. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். கதை இவ்வளவுதான். வெள்ளைக்கார வீடொன்றில் கறுப்புச் சமையல்காரி முப்பது வருசம் சமைக்கிறாள். அவள் கைப்பட்டதை எல்லாரும் விரல் சூப்பிச் சாப்பிடுகிறார்கள். அவள் சாப்பிடுகிற தகரத் தட்டு மட்டும் வெளிச்சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் போய்விடுகிறாள்.

தலைவர் ஆனந்தராஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசிக்கேக்கை நெஞ்சு பதறிச்சுது. ஒரு மனிசியை இப்பிடியும் நடத்துவாங்களோ? வெள்ளையள் மிருகங்கள்."

"வீட்டுக்காரி பாவம் அண்ணை," என்றார் சிவமலர் ரீச்சர். "காய்ச்சலுக்கு மருந்து குடுத்தவள், பிள்ளையளுக்கு உடுப்புக் குடுத்தவள். இவள் ஒரு சொல்லுச் சொல்லாமல் போறாளே, நன்றி கெட்டவள். நான் வீட்டுக்காரிக்காகத்தான் அழுதனான்."

"எனக்கெண்டால் சிரிப்புத்தான் வந்தது," என்றான் நிர்மலன். "எழுதினவள் அந்த வீட்டுக்காரியை நல்லா நக்கலடிச்சிருக்கிறாள், ரீச்சருக்கு விளங்கேல்லைப் போல."

தேநீருக்குப் பிறகு றொசாந்தி பேசுவதாக ஏற்பாடு.

தேநீரோடு வைக்கிற, கறி வைத்து மடித்துப் பொரித்த பற்றிஸ் அவளுடைய அம்மா டொலறஸ் செய்து கொண்டுவருவது. டொலறஸ் நாவல் வாசிக்கிறவள் அல்ல. விடியப்புறம் அலுவலகங்கள் கூட்டித் துடைப்பவள். "வாங்கோ, இருங்கோ" என்று அவளுக்குக் கதிரை இழுத்துப் போடுகிற ஒரே இடம் லண்டனில் இதுதான்.

போன மாதம் தட்டம் வழித்துத் துடைத்தாற்போல் காலியானது. சிவமலர் ரீச்சர் வீட்டுக்கும் நாலு கட்டினார். கட்டும்போதே, "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"யாழ்ப்பாணம் ரவுண் பக்கம்." இருபது வருசமாக டொலறஸ் சொல்லிவரும் பதில்.

"ரவுணிலை எந்தக் கோயில் பங்கு?"

கைப்பக்குவத்தைப் புகழ்ந்த சந்தோசத்தில் டொலறஸ் கோயிலின் பெயரைச் சொல்லிவிட்டாள். எந்த மாதா கோயில் எந்தச் சாதியின் பங்கு என்று தெரிந்த யாழ்ப்பாணத்தாருக்கு அது போதும். சாதியை வாய்விட்டுக் கேட்கிற வேலை மிச்சம்.

இன்றைக்குத் தட்டம் நிறைந்தபடியே இருந்தது.

"புரட்டாதிச் சனி, மச்சம் மாமிசம் தொடமாட்டன்," என்றார் ரீச்சர்.

"தெரிஞ்சுதான் மரக்கறி மட்டும் வைச்சுச் செய்தனான், ரீச்சர்."

"வயிறும் சரியில்லை." சொல்லிக்கொண்டே கடையில் வாங்கிய வடைப் பைக்குள் கையை விட்டார். ஆனந்தராஜாவும் வடை எடுத்தார். பின்னால் வந்தவர்களும் வடைதான். நக்கல் விளங்கிய நிர்மலன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டொலறஸ் ஈயத்தாளை இழுத்துத் தட்டத்தை மூடினாள். "வாயைத் திறக்காதை, பிள்ளை," என்றாள் மகளின் காதுக்குள். "எனக்கு இருக்கிறது இந்த ஒரு இடந்தான்."

றொசாந்தி எழுதிவந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். அம்மாவின் மடியிலிருந்த தட்டத்தைத் தூக்கிக்கொண்டு நேரே தலைவரிடம் போனாள்.

"நெஞ்சு பதறின அங்கிள், ஒண்டு எடுங்கோ."

ஆனந்தராஜாவின் முகம் கறுத்தது. "பிள்ளை, எங்கடை சனம் முகாமிலை முள்ளுக்கம்பிக்குள்ளை கிடக்குது. இந்த நேரத்திலை இதுகளைக் கிளறலாமோ? ஒற்றுமைதான் முக்கியம்."

"என்ரை மாமாவும் அந்த முள்ளுக்கம்பிக்குள்ளைதான் கிடக்கிறார். ஒற்றுமைக்காக ஒரு பற்றிஸ் தின்ன ஏலாதோ, அங்கிள்?"

நீட்டிய தட்டம் நீட்டியபடியே நின்றது.

"நாலெழுத்துப் படிச்சால் இப்பிடித்தான் வாய் நீளும்," என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர். வாய் நீளட்டும் எண்டுதான் அம்மா என்னைப் படிப்பிச்சவ. போன மாதம் கட்டிக்கொண்டு போன நாலும் செமிச்சுதோ?"

டொலறஸ் எழுந்து கோட்டை மாட்டினாள். மகளின் கையிலிருந்து தட்டத்தைப் பிடுங்கினாள். ஒவ்வொரு மாதமும் கதிரை கதிரையாகப் போய், "போட்டு வாறன்" என்று சொல்லாமல் படி இறங்காதவள், அன்றைக்கு ஒருவர் முகத்தையும் பார்க்காமல் இறங்கினாள்.

பஸ் தரிப்பில் றொசாந்தி அம்மாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அம்மா தட்டிக் கொடுப்பாள் என்று நினைத்தாளோ என்னவோ.

"உனக்குச் சொல்லி மனம் ஆறிட்டுது," என்றாள் டொலறஸ். "நான் இனிச் சனிக்கிழமையிலை எங்கை போறது?"



டொலறஸ் ஈயத்தாளைக் கிழித்து ஒரு பற்றிஸை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள்.

"உப்புக் காணாது. திண்டு பாத்திட்டு அதையாவது சொல்லியிருக்கலாம், நாய்ப்பிறப்புகள்."

றொசாந்தியும் ஒன்றை எடுத்தாள். உப்பு அளவாகத்தான் இருந்தது.