நிலோபரைப் பற்றி ஒரு வார்த்தை

நிலோபருக்கு வேறு வேலை கிடைக்கப்போகிறது என்று கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? எரிந்தது, அவ்வளவுதான்.

நானும் அவளும் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் ஒரே நாளில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள். பதினொரு வருஷம் ஆயிற்று. எனக்குக் காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டது, அவளுக்கு இடுப்பு போயிற்று. டீயைச் சூடாகக் குடித்ததாக இரண்டு பேருக்குமே நினைவில்லை. சாப்பாட்டு நேரத்தில் எங்கள் பேச்செல்லாம் இந்த ஐ.சி.யு.வை விட்டு எப்படி வெளியேறுவது என்பதுதான்.

நான் ஏறி இறங்காத படி இல்லை. திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்ஸ் வேலை என்றார்கள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பார்ப்பதும் முழங்காலுக்கு மருந்து போடுவதும்தான் வேலை. இன்டர்வியூ நன்றாகத்தான் செய்தேன், தாளாளரின் சொந்தக்காரப் பெண் உள்ளே போய்விட்டாள். நர்ஸிங் காலேஜில் எம்.எஸ்ஸி. கேட்டார்கள். வெளிநாட்டுக்கு என்று இங்கிலீஷ் பரீட்சை எழுதினேன், இரண்டு தடவையும் அரை மார்க்கில் போயிற்று. வீடு வீடாகப் போய் நோயாளி பார்க்கும் வேலை ஒன்று வந்தது. “யார் வீட்டுலயோ போயி கெடக்கப் போறியா?” என்று என் வீட்டுக்காரர் செல்வக்குமார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மூன்றாம் மாடி டயாலிசிஸ் பிரிவுக்காவது மாற்றுங்கள் என்று கேட்டால், “நீ போனா ஐ.சி.யு.வ யாரு பாக்குறது?” என்று சூப்பிரண்டு அம்மா பாராட்டுவது போலவே கதவைச் சாத்தினார்.

நிலோபர் சத்தமில்லாமல் ஒரு வருஷம் ஆன்லைனில் படித்தாள். இன்சூரன்ஸுக்கு வரும் ஆஸ்பத்திரி ஃபைல்களைப் படித்துப் பார்த்து, கொடுத்த வைத்தியம் சரிதானா என்று சொல்லும் வேலைக்கான படிப்பு.

“வாடி மீனா, சேந்து படிப்போம். நாம எழுதுற சார்ட்டத்தான் அங்கன ஒக்காந்து படிக்கப் போறோம்” என்று என்னையும் கூப்பிட்டாள்.

“ஒனக்கு வேற வேலை இல்ல? கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து கண்ணக் கெடுத்துக்கவா?” என்று சிரித்தவள் நான்தான். இப்போது அதற்கும் சேர்த்து அவள்மேல்தான் கோபம் வந்தது.

“வேலை கெடைச்ச மாதிரிதான் மீனா” என்றாள், படிப்பு முடிந்து இன்டர்வியூவுக்கும் போய் வந்த அன்றைக்கு. “காளவாசல்ல ஆபீஸு. ஒம்போதரைக்குப் போனா அஞ்சரைக்குக் கெளம்பிரலாம். ஞாயித்துக்கெழமை லீவு. கூட வேலை பாத்தவங்க ஒருத்தர் பேரு கேட்டாங்க, ஒன் பேரையும் நம்பரையும் குடுத்துருக்கேன். போன் வரும். ரெண்டு வார்த்தை நல்லதாச் சொல்லிரு.”

“அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு” என்றேன்.

அவள் அதற்குள் ராஜினாமா கடிதமும் கொடுத்துவிட்டாள். அவள் இடத்துக்குத் திவ்யா என்று ஒரு புதுப் பெண்ணையும் போட்டுவிட்டார்கள். நிலோபரின் அம்மா ஜெயினம்பு எங்கள் எல்லோருக்கும் நெய்ச்சோறும் தால்ச்சாவும் கொடுத்தனுப்பினார். நானும் தின்றேன். அம்புட்டு ருசியாக இருந்தது, அதுவும் பொறுக்கவில்லை. அவள் அந்தக் காளவாசல் ஆபீஸ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, நினைத்த நேரத்துக்கு எழுந்து பாத்ரூம் போய்விட்டு வருவது கண்ணுக்குள்ளேயே நின்றது. இந்த மகாராணிக்கு மட்டும் எல்லாம் நடக்கும்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. ஒரு கையில் சிரிஞ்சு இருந்தது, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“பவதாரிணி பேசுறேன், இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து. நிலோபர் எப்படி சிஸ்டர்?”

எப்படி என்ற கேள்வி எங்களுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். நன்றாக இருக்கிறார் என்று நாங்கள் சொல்லவே மாட்டோம், மோசம் என்றும் சொல்லமாட்டோம். அதற்கென்று ஒரு பதில் இருக்கிறது, அதற்கென்று உப்புச் சப்பில்லாத ஒரு குரலும் இருக்கிறது. அந்தக் குரலில் அந்தப் பதிலைச் சொன்னேன்.

“இப்போதைக்கு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. பெரிய டாக்டர்ட்ட கேட்டுக்கங்க.”

“ஓ… புரியுது சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

வாய்ப்பழக்கம்தான், சத்தியமாக. ஆனால் அந்தப் பெண்ணின் நம்பர் என் போனில் இருந்தது. திருப்பிக் கூப்பிட்டு, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நான் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு சிரிஞ்சோடு பெட்டுக்குப் போனேன். அது பழக்கமில்லை.

அடுத்த புதன்கிழமை நிலோபர் உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“இல்லன்னுட்டாங்க மீனா.”

முதலில் எனக்கு இனித்தது. இனித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

“லெட்டரத் திருப்பி வாங்கலாம்னு ஆபீஸுக்குப் போனேன். திவ்யாவப் போட்டாச்சாம், முப்பதாந்தேதியோட சரியாம். ரெண்டுங்கெட்டானா நிக்கிறேன்டி. ஆமா, ஒனக்குப் போன் வந்துச்சா?”

“வந்துச்சு. நல்லாத்தான் சொன்னேன்.”

“அது எனக்குத் தெரியாதா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒன் வாயில என்னப் பத்திக் கெட்டது வருமா? நான்தான் இன்டர்வியூல என்னமோ ஒளறியிருக்கேன்.”

அதிலிருந்து மூன்று நாள் அதே பேச்சு. ஒரு கேள்விக்கு முழித்தாளாம், அதனால் இருக்குமா? சம்பளம் எவ்வளவு என்று கேட்டிருக்கக்கூடாதோ? இங்கிலீஷில் ஏதாவது பிசகிவிட்டதா? மருந்து கலக்கும்போது கேட்பாள், கை கழுவும்போது கேட்பாள், நானும் ஒவ்வொன்றுக்கும் “இருக்கும், இருக்கும்” என்றேன். திட்டினால் திருப்பித் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவள் என்னை நம்பித் தொலைத்தாள். சனிக்கிழமை மாடிப்படிக்குப் போய் நின்று பவதாரிணிக்குப் போன் போட்டேன்.

“எங்கப்பா ஒம்போது நாளு ஐ.சி.யு.ல கெடந்தாரு சிஸ்டர்” என்றாள் அவள். “தெனம் இதே வார்த்தையத்தான் சொன்னாங்க. பத்தாம் நாளு தூக்கிட்டு வந்தோம். நீங்க அதையே சொல்லவும், வாய்விட்டுச் சொல்ல முடியாத தப்பு ஏதோ இந்தப் பொண்ணுகிட்ட இருக்குன்னு நெனச்சிட்டேன். பழக்கத்துல சொல்லிட்டீங்களா?”

ஆமாம் என்று தப்பித்திருக்கலாம். அவளே வழி காட்டிவிட்டாள்.

“பழக்கத்துலதான் வந்துச்சு. ஆனா தெரிஞ்சேதான் திருத்தாம விட்டேன். பொறாமை மேடம். அவ போறது எனக்குப் பொறுக்கல.”

“இன்னும் யாருக்கும் ஆர்டர் குடுக்கல” என்றாள் பவதாரிணி. “வாயால சொன்னாப் பத்தாது. மெயில்ல எழுதி அனுப்புங்க. நிலோபருக்கும் ஒரு காப்பி போடணும், அதான் எங்க முறை.”

படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். போன வாரம் வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் போன் வந்தது. நிலோபரின் வேலையில் ஒரு குறையும் இல்லை. நான் பார்த்த நர்ஸ்களில் அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது. தவறாகச் சொன்னவள் நான், காரணம் பொறாமை. கடைசி வார்த்தையை அழித்தேன், மறுபடி அடித்தேன், மறுபடி அழித்தேன். அவள் எனக்கு இல்லாமல் போகப்போகிறாள் என்று தெரிந்துதான் மூன்றாவது தடவை அடித்து அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஆர்டர் வந்தது. திவ்யாதான் ஓடிவந்து சொன்னாள். அப்போதும் எனக்கு எரிந்தது.

முப்பதாம் தேதி மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் பார்த்த பெட்களை என்னிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. “நாலாவது பெட்டு, பிரஷர் நூறுக்கு அறுபது. மூணு மணிக்கு ரத்தம் எடுக்கணும் சிஸ்டர்” என்றாள். ஒன்றைக்கூட விடாமல் எல்லாம் சொன்னாள். பதினொரு வருஷம் என்னை மீனா என்றும் கழுதை என்றும் கூப்பிட்டவள்.

“நிலோ, அதான் எழுதிக் குடுத்துட்டேன்ல” என்றேன்.

பேனாவை மூடினாள். “மூணு நாளா நான் எங்க தப்புப் பண்ணேன், எங்க தப்புப் பண்ணேன்னு ஒங்ககிட்டத்தான கேட்டேன் சிஸ்டர்?”

நான் நாலாவது பெட்டின் சார்ட்டைக் கையில் எடுத்தேன்.

பையை எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் தெருமுனைக் கடைக்குக் கிளம்பினால்கூட வாரேன் என்றுதான் சொல்வோம். திவ்யாவிடம் வாரேன் என்றாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஒச்சம்மாளின் தோளைத் தொட்டு, வாரேன்க்கா என்றாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

“போறேன் சிஸ்டர்” என்றாள்.